அப்பாவோட மாத்திரை நேரமும் நடை நேரமும்: குடும்பக் குழுவில்

மதுரை தம்பி: அக்கா, அப்பாவுக்கு பார்கின்சன் (நடுக்குவாதம்) இருக்கறதால நல்லா நடக்க விடுங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். காலைல 6 மணிக்கு மொட்டை மாடில நடக்க வெக்கறேன். கால் தரையைத் தேய்ச்சுக்கிட்டே போகுது, பத்து நிமிஷத்துல உக்காந்துடறார். பாத்ரூம் வாசல்ல கால் ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடுது. சாயங்காலத்துக்கு மாத்திடட்டுமா?

பிசியோ அக்கா: முதல்ல மாத்திரை நேரத்தைச் சொல்லு. சாப்பாடு எப்போ, அதையும்.

மதுரை தம்பி: சின்டோபா பிளஸ் 125. காலை 8:30, மதியம் 1:30, ராத்திரி 8:30. மூணு வேளையும் சாப்பிட்டு முடிச்ச கையோட.

பிசியோ அக்கா: அப்போ காலைல 6 மணிக்கு சித்தப்பா உடம்புல மருந்தே இல்லை. ராத்திரி போட்டது எப்பவோ தீர்ந்திருக்கும். அவருக்கு மனசு இல்லாம இல்லைடா, அந்த நேரத்துல காலுக்கு முடியலை.

பார்மசி அண்ணன்: சின்டோபால இருக்கற முக்கிய மருந்து லெவோடோபா. அது ரத்தத்துல பாதியாக் குறைய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போதும். இன்னொண்ணு, சாம்பார், பால், முட்டைல இருக்கற புரதமும் இந்த மருந்தும் குடல்ல ஒரே வழியாத்தான் உள்ள போகணும். மூளைக்குள்ள போகறப்பவும் அதே போட்டி. அதனாலதான் சாப்பாட்டுக்கு 30 நிமிஷம் முன்னாடி போடச் சொல்றது, முழு டம்ளர் தண்ணியோட. பால் காபி கூட வேண்டாம். குமட்டினா ரெண்டு மாரி பிஸ்கட். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டா ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடணும். பருப்பு, முட்டையை நிறுத்திடாதீங்க, உடம்பு இளைச்சுடும். நேரத்தைத்தான் பிரிக்கணும்.

பார்மசி அண்ணன்: நேரம் மாத்தறதுக்கு முன்னாடி நரம்பு டாக்டர், அதான் நியூராலஜிஸ்ட்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு. அளவையோ எண்ணிக்கையையோ நாமளா தொடவே கூடாது. திடீர்னு நிறுத்தினா காய்ச்சலும் உடம்பு விறைப்புமா உயிருக்கே ஆபத்தாகும்.

பிசியோ அக்கா: நாலு நாளைக்கு ஒரு நோட்டுல எழுது. மாத்திரை எப்போ, கால் எப்போ லேசாச்சு, எப்போ மறுபடி கனமாச்சு, எங்க ஒட்டிச்சு. லேசா இருக்கற நேரத்துலதான் பயிற்சி. நிறைய பேருக்கு மாத்திரை போட்டு 45 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள அது வரும்.

அத்தை: அவனுக்கு 68 ஆகுது. கொஞ்சம் ஓய்வா இருக்கட்டுமே?

பிசியோ அக்கா: அத்தை, உக்காந்தே இருந்தா விறைப்பு கூடும், தொடை பலம் குறையும், மலச்சிக்கலும் கூடும். பேருக்கு நடக்கறதும் போதாது, மூச்சு வாங்கணும். 2018ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வு, மருந்து இன்னும் ஆரம்பிக்காத 128 பேர். இதயத்துடிப்பு உச்சத்துல 80–85 சதவீதம் வர்ற அளவுக்கு டிரெட்மில்ல நடந்தவங்களுக்கு ஆறு மாசத்துல நோய் மதிப்பெண் (ஏறினா நோய் கூடுதுன்னு அர்த்தம்) ஏறக்குறைய அப்படியே நின்னுச்சு. நடக்காதவங்களுக்கு மூணு புள்ளி ஏறிச்சு.

மதுரை தம்பி: அப்பாவுக்கு அது எவ்வளவு துடிப்பு?

பிசியோ அக்கா: 220ல 68 போனா 152. அதுல 80 சதவீதம் 122. முதல் நாளே அங்க போகக் கூடாது. இதய டாக்டர் பார்த்து சரின்னதும் 95ல ஆரம்பிச்சு வாரா வாரம் ஏத்தணும். பிபிக்கு அடெனோலால், மெட்டோபிரோலால் மாதிரி மாத்திரை சாப்பிட்டா துடிப்பு அவ்வளவா ஏறாது, இந்தக் கணக்கு உதவாது. அப்போ பேச்சை வெச்சுப் பாரு: நாலு வார்த்தை பேச முடியணும், பாட்டுப் பாட முடியக் கூடாது.

பிசியோ அக்கா: கால் ஒட்டற ஆளுக்கு டிரெட்மில் வேண்டாம். நின்ன இடத்துல மிதிக்கற சைக்கிள் வாங்கு. பெடல் கீழ போறப்ப முட்டி லேசா மடங்கி இருக்கற மாதிரி சீட் உயரம் வை. பாதத்துக்கு பட்டை கட்டு, இல்லைனா வழுக்கும். வாரம் மூணு நாள், 30 நிமிஷம். முன்னாடி 5, பின்னாடி 5 நிமிஷம் மெதுவா. நடுவுல ரெண்டு நாள் நாற்காலில இருந்து எழுந்து உக்காரறது, 10 தடவை, ரெண்டு சுற்று. நாற்காலி நுனிக்கு நகர்ந்து, பாதத்தை முட்டிக்குப் பின்னாடி இழுத்து, மூக்கு கால்விரலைத் தாண்டற வரைக்கும் குனிஞ்சு எழணும். பின்னாடி சாய்ஞ்ச உடம்போட எழப் பார்க்கறதாலதான் தொப்புன்னு விழறாங்க.

ஸ்பீச் அண்ணி: தம்பி, மாமா சாப்பிடறப்ப இருமறாரா? சாப்பிட்டதும் குரல் ஈரமா, கரகரன்னு கேக்குதா?

மதுரை தம்பி: ரசம் சாதத்துல மட்டும் இருமல் வருது அண்ணி.

ஸ்பீச் அண்ணி: ரசம் சாதத்துல தண்ணி முதல்ல தொண்டைக்கு ஓடிடும், சோறு வாயிலேயே நிக்கும். ரெண்டையும் சேர்த்துச் சமாளிக்கறது கஷ்டம். இப்போதைக்கு குழைய வடிச்ச சோறு, கெட்டிக் குழம்பு. நேரா உக்கார வெச்சு, சின்னக் கவளமா. டிவி வேண்டாம். ஒரு தடவை விழுங்கற சோதனை பண்ணிடுங்க. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி போச்சுன்னா வேலை செய்ய ஆரம்பிக்கற நேரத்துல சாப்பிடுவார், விழுங்கறதும் சுலபமாகலாம். இந்த நோய்ல குரலும் சின்னதாகும், ஆனா தான் சத்தமாத்தான் பேசறோம்னு அவருக்குத் தோணும். அதுக்குன்னே வாரம் நாலு நாள் வீதம் நாலு வாரம், 16 வகுப்பு குரல் பயிற்சி இருக்கு.

அத்தை: இங்க ஒருத்தர் பூனைக்காலி விதைப் பொடி நல்லதுன்னு சொன்னாரே?

பார்மசி அண்ணன்: அத்தை, அந்த விதைல இருக்கறதும் இதே லெவோடோபாதான். எவ்வளவு இருக்குன்னு தெரியாம மேல சேர்த்தா அளவு கூடிடும், கை கால் தானா ஆட ஆரம்பிக்கும். டாக்டருக்குத் தெரியாம கொடுக்காதீங்க.

பார்மசி அண்ணன்: இதை எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கோங்க. தலைசுத்தல், வாந்தின்னு சித்தப்பாவுக்கு ஸ்டெமெடில், பெரினார்ம் வாங்கிக் கொடுக்கவே கூடாது. லெவோடோபா மூளைல டோபமைனா மாறித்தான் வேலை செய்யுது. அந்த டோபமைன் வேலை செய்யற இடத்தையே இந்த மாத்திரைங்க அடைச்சுடும், நடை மோசமாகும். வேற எந்த டாக்டர்கிட்ட போனாலும் பார்கின்சன்னு முதல்லயே சொல்லணும். தலைசுத்தினா படுக்க வெச்சு 5 நிமிஷம் கழிச்சு பிபி பாரு, நிக்க வெச்சு 1 நிமிஷத்துலயும் 3 நிமிஷத்துலயும் பாரு. மேல் அளவு 20, இல்ல கீழ் அளவு 10 இறங்கினா நோட்டுல எழுதி டாக்டர்கிட்ட காட்டு.

பிசியோ அக்கா: அந்த ஒரே நோட்டுதான் எல்லார்கிட்டயும் போகணும். நெதர்லாந்துல 2004ல இருந்து பார்கின்சன்நெட்னு, இந்த நோய்க்குன்னே பயிற்சி எடுத்த பிசியோ, பேச்சுப் பயிற்சியாளர், நர்ஸ் எல்லாரையும் நியூராலஜிஸ்டோட இணைச்சு வெச்சிருக்காங்க. நம்ம வீட்ல அந்த இணைப்பு நீயும் அந்த நோட்டும்தான்.

மதுரை தம்பி: சரிக்கா. பாத்ரூம் வாசலுக்கு என்ன பண்ண? கையைப் பிடிச்சு இழுத்தாத்தான் வர்றார்.

பிசியோ அக்கா: இழுக்காதே! உடம்பு முன்னாடி வரும், கால் வராது, முகம் குப்புற விழுவார். நிக்க விடு. நிமிரச் சொல்லு. எடையை இடது வலதுன்னு மாத்தச் சொல்லு. அப்புறம் ஒரு பெரிய அடி. "சீக்கிரம்"னு சொன்னா இன்னும் ஒட்டும். திரும்பறப்ப நின்ன இடத்துல சுத்தாம வளைவா நடந்து திரும்பணும். வாசல்ல இருக்கற மிதியடியை எடுத்துடு.

பிசியோ அக்கா: தரைல குறுக்கால டேப் ஒட்டு. ஒரு அங்குல அகலம், 45 சென்டிமீட்டருக்கு ஒண்ணு, வாசலுக்கு முன்னாடி மூணு, உள்ள ரெண்டு. கோட்டைத் தாண்டி மிதிக்கச் சொல்லு.

மதுரை தம்பி: டைல்ஸ் வெள்ளை. எந்தக் கலர்?

பிசியோ அக்கா: சிவப்பு, இல்ல கருநீலம். வழவழன்னு இருக்கற டேப் வேண்டாம், ஈரத்துல வழுக்கும். சொரசொரப்பானது கேட்டு வாங்கு. ராத்திரி லைட் அணைச்சா கோடு தெரியாது, அங்க ஒரு சின்ன பல்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கட்டும்.