பக்கத்து வீட்டு நாய் கடித்த ஆடு: நஷ்டஈடு கேட்க வழி உண்டா?

கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். நேற்று சாயங்காலம் தேயிலைத் தோட்டத்து ஓரம் மேய்ந்த எங்கள் சினை ஆட்டின் தொடையைப் பக்கத்து வீட்டு நாய் கவ்விவிட்டது. கழுத்தில் பட்டை உண்டு, சங்கிலிதான் இல்லை. சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். சதை கிழிந்து தொங்குகிறது. இன்று காலை கால்நடை மருத்துவமனையில் முதல் ஊசி போட்டாயிற்று.

நாய்க்காரரோ, "ஆட்டை நீங்கள்தான் கட்டிப்போட வேண்டும்" என்கிறார். நாயின் தடுப்பூசி அட்டையைக் கேட்டால் தேடுகிறாராம். (வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்கென்று தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907 முதல் குன்னூரில் இருக்கிற மலையில் இந்த அலட்சியம்!)

பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 291-ஆம் பிரிவு, விலங்கு வைத்திருப்பவரின் அலட்சியத்தால் மனிதருக்கு வரும் ஆபத்தைத்தான் சொல்கிறது. அப்புறம் ஆட்டுக்கு? சிகிச்சைச் செலவை யாராவது வாங்கியிருக்கிறீர்களா? போலீஸில் மனு கொடுத்தா, வக்கீல் நோட்டீஸ் விட்டா? என்னென்ன ரசீது வைத்திருக்க வேண்டும்?