புகை வாடை சிங்கிள் மால்ட் விஸ்கி: ஒரு மிடறுக்கு மேல் இறங்கவில்லை. இதை எப்படி ரசிக்கிறார்கள்?

தூரத்துப்பச்சை எழுதியது:

இதுவரை ஸ்காட்லாந்தின் ஸ்பெய்சைட் பக்கத்து சிங்கிள் மால்ட்கள்தான் (ஒரே ஆலையில் பார்லி மால்ட்டில் மட்டும் வடித்த விஸ்கி) குடித்து வந்தேன். ஆப்பிள், தேன், வெனிலா என்று சாதுவாக இருக்கும். போன வாரம் நண்பர் லஃப்ராய்க் 10 (எண் பீப்பாயில் இருந்த வருஷம்) ஊற்றிக் கொடுத்தார். கிளாஸைத் தூக்கியதுமே டிங்சர் வாடை, கூடவே ஈரக் கட்டையை எரித்த புகை. பக்கத்தில் இருந்தவர்களோ கண்ணை மூடி 'ஆஹா' என்கிறார்கள். நிஜமாகவே பிடிக்கிறதா, நடிப்பா? பிபிஎம் (புகைப் பொருள்களின் அளவைச் சொல்லும் எண்) குறைவானதில் ஆரம்பித்தால் பழகிவிடுமா?

பீப்பாயடி எழுதியது:

நடிப்பவர்களும் உண்டு, அவர்களை விடுங்கள். உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. முளைகட்டிய ஈர பார்லியை, அதாவது மால்ட்டை, சூளையில் உலர்த்தும்போது பீட் எரிக்கிறார்கள். பீட் என்பது சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் பாதி மக்கி இறுகிய மண். மால்ட்டில் ஈரம் இருக்கும்வரைதான் புகை நன்றாக ஒட்டும். அதிலுள்ள குவாயக்கால் விறகுப் புகை மணத்தையும், கிரெசால் அந்த மருந்து வாடையையும் கொடுக்கின்றன. ஸ்காட்லாந்தின் ஐலா தீவின் தென்கரையில் லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் மூன்று ஆலைகளும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. நண்பர் உங்களை நேராக அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டார், அவ்வளவுதான்.

பிபிஎம்மை நம்பி வாங்காதீர்கள். பொதுவாகச் சொல்லப்படும் அந்த எண் மால்ட்டில் அளந்தது, பாட்டிலில் இருப்பதை அல்ல. லகவூலினுக்கும் ஐலாவின் இன்னொரு ஆலையான கல் ஈலாவுக்கும் ஒரே போர்ட் எலன் ஆலையிலிருந்துதான் மால்ட் போகிறது, இரண்டுக்கும் சுமார் 35 பிபிஎம். ஆனால் கல் ஈலா எலுமிச்சைத் தோலும் உப்புமாகத் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். லகவூலின் 16 கனமாக, இனிப்பாக இறங்கும். காய்ச்சி வடிக்கும் கலத்தின் வடிவம், அதை எவ்வளவு நிரப்புகிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்து செய்கிற வேலை இது. புகை மணம் தரும் ஃபீனால்கள் (குவாயக்கால், கிரெசால் வகை) வடிப்பின் பின்பகுதியில்தான் அதிகம் வரும். எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தே புகை எவ்வளவு என்பது தீர்மானமாகும். பீப்பாயில் வருஷம் ஏற ஏறப் புகை அடங்கும். புரூக்லாடி ஆலையின் ஆக்டோமோர் விஸ்கியில் நூறைத் தாண்டிய எண்ணைப் பார்த்தால் மிரட்சியாக இருக்கும். குடித்தால் அந்த அளவுக்கு மிரட்டாது.

குடிக்கும் முறைக்கு வருகிறேன். வாய் குறுகிய கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, பத்து நிமிஷம் சும்மா வையுங்கள். பிறகு கிளாஸைத் தாடைக்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். உள்ளே மூக்கை நுழைத்தால் ஆல்கஹால் சுட்டுவிடும். முதல் மிடறைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது நாக்கை எழுப்பத்தான். அடுத்ததை வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். புகை முழுசாக வருவது அப்போதுதான். கொஞ்ச நேரத்தில் மூக்கு அந்தப் புகைக்குப் பழகி அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. அதன் அடியில் கிடந்த பழமும் வெனிலாவும் கடல் உப்பும் அதற்குப் பிறகுதான் தெரிய ஆரம்பிக்கும். எங்களுக்குப் பிடிப்பது அந்த இடம். வெறும் புகைதான் வேண்டும் என்றால் அடுப்படியில் நின்றாலே போதுமே!

கழுவாத கிளாஸை மறுநாள் காலையில் முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் போயிருக்கும், புகை போயிருக்காது.

ஓக்மரம் எழுதியது:

ஐலாவில் ஆரம்பிப்பதே தப்பு என்பேன். ஆர்க்னி தீவுகளின் ஹைலேண்ட் பார்க் 12 வாங்குங்கள். அங்கே மரமே அபூர்வம். பீட்டில் ஹெதர் செடிதான் அதிகம். அதனால் புகையில் தேனும் பூவும் கலந்த மாதிரி இருக்கும், மருந்து வாடை கிட்டத்தட்ட இருக்காது. அடுத்து ஸ்கை தீவின் டாலிஸ்கர் 10. முடிவில் மிளகுக் காரம் ஒன்று வரும், அதற்காகவே குடிக்கலாம். ஆனால் தயவுசெய்து தண்ணீர் மட்டும் விடாதீர்கள், கெட்டுப்போகும்.

பீப்பாயடி எழுதியது:

வரிசை சரி. டாலிஸ்கருக்குப் பிறகு கல் ஈலா 12, அப்புறம் மறுபடி லஃப்ராய்க்.

தண்ணீர் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியாது, ஓக்மரம். 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் கணினியில் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் போனால் குவாயக்காலை எத்தனால் சூழ்ந்து உள்ளேயே பிடித்து வைக்கிறது. 45-க்குக் கீழே வந்தால் அது மேற்பரப்புக்கு அருகே நிற்கிறது. பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் அடைத்த சரக்கு என்றால் சில சொட்டு விட்டுப் பாருங்கள், மணம் திறப்பது உடனே தெரியும். 40, 43 சதவீதப் பாட்டிலில் ஏற்கெனவே தண்ணீர் சேர்த்திருப்பார்கள், அதற்கு ஒரு சொட்டே அதிகம்.

தூரத்துப்பச்சை எழுதியது:

சரி, டாலிஸ்கரில் ஆரம்பிக்கிறேன். ஐஸ் போடலாமா?

பீப்பாயடி எழுதியது:

உங்கள் கிளாஸ், உங்கள் இஷ்டம். ஆனால் குளிரில் மணம் அடங்கி, கசப்பும் கரியும்தான் நாக்கில் நிற்கும். முதல் கிளாஸை ஐஸ் இல்லாமல் குடித்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் இரண்டாவதற்குப் போட்டுக்கொள்ளலாம்.