பிள்ளை தடுமாறியபோது பள்ளி என்ன செய்தது? ஐரோப்பாவில் வாழும் பெற்றோர் சொன்னவை

ஐந்தோவன், நெதர்லாந்து

எந்த நாட்டுப் பள்ளி நல்ல பள்ளி என்று கேட்டால் எல்லோரும் பீசா (பதினைந்து வயதுப் பிள்ளைகளின் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் தேர்வு) பட்டியலை அனுப்புகிறார்கள். எனக்கு அது போதவில்லை. தானாகவே நன்றாகப் படிக்கிற பிள்ளை எந்த நாட்டிலும் எப்படியோ மேலே வந்துவிடும். நான் கேட்பது வேறு. உங்கள் பிள்ளை தடுமாறி நின்றபோது பள்ளி என்ன செய்தது? படிப்பு வரவில்லை, மொழி புரியவில்லை, மற்ற பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளவில்லை, எதுவானாலும் சரி, நடந்ததை எழுதுங்கள்.

முதலில் எங்கள் கதை. மகனுக்கு எட்டு வயது, இங்கே குரூப் 5 படிக்கிறான். கணக்கு நன்றாக வரும், வாசிப்பு மட்டும் வரவில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் டச்சு, அதனால் தாமதமாகும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பள்ளி அப்படி விட்டுவிடவில்லை. இங்கே தொடக்கப் பள்ளிகளில் ஈபேயர் என்று அழைக்கப்படும் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிப்பதுதான் அவர் வேலை. அவர் எங்களை அழைத்து, அரையாண்டுத் தேர்வுகளில் மகனின் வாசிப்பு எப்படி நகர்ந்திருக்கிறது என்ற கோட்டைக் காட்டினார். மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. வாரத்தில் பல நாள் சிறு குழுவில் கூடுதல் வாசிப்பு நடந்தது. அதுவும் போதவில்லை என்று தெரிந்ததும் டிஸ்லெக்ஸியா (எழுத்துகளை வாசிப்பதில் வரும் கற்றல் சிரமம்) பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கடுமையான டிஸ்லெக்ஸியா என்றால் பரிசோதனையும் சிகிச்சையும் 2015 முதல் நகராட்சியின் பொறுப்பு. எங்கள் கையிலிருந்து ஒரு யூரோகூடப் போகவில்லை.

என் பயம் தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பான குரூப் 8ஐப் பற்றியது. பன்னிரண்டு வயதில் விஎம்பிஓ (தொழில் சார்ந்தது), ஹாவோ (நடுவில் உள்ளது), விடபிள்யூஓ (பல்கலைக்கழகத்துக்குப் போவது) என்று பாதை பிரிக்கிறார்கள். ஆசிரியரின் பரிந்துரையைவிடத் தேர்வில் பிள்ளை அதிகம் எடுத்தால் பரிந்துரையை உயர்த்த வேண்டும் என்பது 2024 முதல் விதியாகியிருக்கிறது, அது நல்ல மாற்றம். ஆனாலும் வாசிப்பில் திணறும் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது மிகச் சீக்கிரம். கணவருக்கு இப்போது எஸ்போவிலும் மியூனிக்கிலும் வேலை வாய்ப்பு வந்திருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.

எஸ்போ, பின்லாந்து

அக்கா, நாங்கள் சென்னையிலிருந்து இங்கே வந்தபோது மகளுக்கு எட்டு வயது. பின்னிஷ் ஒரு சொல் தெரியாது. நேரே வகுப்பில் உட்காரவைத்துத் தத்தளிக்க விடவில்லை. ஆயத்த வகுப்பு என்று ஏறத்தாழ ஒரு வருடம் தனியாகக் கற்பிக்கிறார்கள், சிறிய குழு. அதே சமயம் விளையாட்டு, கைவேலை, கணக்கு மாதிரி மொழி குறைவாகத் தேவைப்படும் பாடங்களுக்கு வழக்கமான வகுப்புக்கு அனுப்பினார்கள். ஆயத்த வகுப்பு முடிவதற்குள் அவளுக்கு அந்த வகுப்பில் தோழிகள் இருந்தார்கள். பிறகும் பின்னிஷை இரண்டாம் மொழியாகக் கற்கும் தனிப் பாடத்திட்டம் உண்டு, மதிப்பீடும் அதற்கு ஏற்றபடிதான்.

சிக்கல் மூன்றாம் வகுப்பில் வந்தது. பேச வந்துவிட்டது, ஆனால் பத்தியாக வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. ஒருநாள் வில்மாவில் ஆசிரியையின் செய்தி வந்தது. (வில்மா என்பது பள்ளியும் வீடும் பேசிக்கொள்ளும் செயலி, இங்கே எல்லாமே அதில்தான்.) சிறப்பு ஆசிரியரோடு வாரம் சில மணி நேரம் உட்காரட்டுமா என்று கேட்டிருந்தார். சிறப்பு ஆசிரியர் என்றதும் எனக்குப் பதைப்பு. மகளுக்கு எந்தப் பதைப்பும் இல்லை, ஏனென்றால் அவள் வகுப்பில் ஏற்கெனவே சிலர் போய்வந்துகொண்டிருந்தார்கள். பின்லாந்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளை ஏதோ ஒரு சமயத்தில் இப்படிப் பகுதிநேர உதவி பெறுகிறது. யாரும் கேலி செய்வதில்லை. பல நாள் அந்த ஆசிரியரே வகுப்புக்குள் வந்து இரண்டாவது ஆசிரியராக நின்றுவிடுவார். யாருக்காக வந்தார் என்றே மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாது.

இங்கே பிடித்த இன்னொன்று, பிள்ளையோ பெற்றோரோ கேட்டால் பள்ளியின் உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ ஏழு வேலைநாளுக்குள் சந்திக்க வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மதியச் சாப்பாடு 1948 முதல் எல்லோருக்கும் இலவசம். பாடத்துக்கு நடுவே பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவார்கள், குளிரானாலும் சரி.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பின்லாந்து இப்போது முன்பு பேசப்பட்ட பின்லாந்து இல்லை. 2003 பீசாவில் கணக்கில் 544, 2022இல் 484. வெளிநாட்டுப் பின்னணிப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளி ஐரோப்பாவிலேயே பெரியவற்றுள் ஒன்று. உதவி தரும் முறையையும் 2025 ஆகஸ்டில் மாற்றியிருக்கிறார்கள். அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பது நகராட்சிக்கு நகராட்சி மாறும். கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மியூனிக், ஜெர்மனி

நான் மியூனிக் பற்றி எழுதுகிறேன், ஜெர்மனி பற்றி இல்லை. இங்கே கல்வி 16 மாநிலங்களின் கையில் இருக்கிறது. பெர்லினிலும் பிராண்டன்பர்கிலும் தொடக்கப் பள்ளி ஆறு வருடம், மற்ற இடங்களில் நான்கு.

பவேரியாவில் நான்காம் வகுப்பு மே மாதத்தில் ஒரு சான்றிதழ் வரும். ஜெர்மன், கணக்கு, சமூகமும் அறிவியலும் சேர்ந்த பொதுப்பாடம் மூன்றின் சராசரி 2.33 அல்லது அதைவிடச் சிறப்பாக இருந்தால் ஜிம்னாசியம், அதாவது பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் பள்ளி. 2.66 வரை ரியால்ஷூலே என்ற நடுத்தரப் பள்ளி. மற்றவர்களுக்கு மிட்டல்ஷூலே, பெரும்பாலும் தொழிற்பயிற்சிக்குத் தயார்செய்யும் பள்ளி. (இங்கே 1 தான் மிகச் சிறந்த மதிப்பெண்.) சராசரி போதாதவர்கள் மூன்று நாள் மாதிரி வகுப்பில் உட்கார்ந்து முயன்று பார்க்கலாம். அந்த வருடம் முழுக்க வீடு வீடாக இருக்காது. பத்து வயதுக் குழந்தை வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுப்பதைப் பார்த்தேன். இதை நல்ல நடைமுறை என்று என்னால் ஒருபோதும் சொல்ல முடியாது.

என் மகன் மிட்டல்ஷூலேவுக்குப் போனான். அங்கேதான் எதிர்பாராத நல்லது நடந்தது. வகுப்பாசிரியர் ஒருவரே பெரும்பாலான பாடங்களை எடுத்தார், அவனை நன்றாகத் தெரிந்துகொண்டார். ஏழாம் வகுப்பிலிருந்து 'எம்' (M) பிரிவு என்று ஒன்று உண்டு. அதில் சேர்ந்து பத்தாம் வகுப்பு முடித்தால் ரியால்ஷூலே முடித்தவனுக்குச் சமமான சான்றிதழ். மதிப்பெண் இருந்தால் அங்கிருந்து தொழில்சார் மேல்நிலைப் பள்ளி, அங்கிருந்து பயனுறு அறிவியல் பல்கலைக்கழகம். அவன் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறான். பத்து வயதில் சாத்திய கதவைப் பதினாறு வயதில் திறக்க வழி வைத்திருக்கிறார்கள். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நாமே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மவர்கள் பலர் ஜிம்னாசியம் கிடைக்கவில்லை என்றால் வாழ்க்கையே முடிந்தது என்று அழுவதைப் பார்க்கிறேன். தயவுசெய்து பிள்ளை முன்னால் அப்படி அழாதீர்கள்.

பேர்ன், சுவிஸ்

மியூனிக் தம்பி சொன்னதை நானும் ஆமோதிக்கிறேன். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். இங்கே எங்கட சனத்தில் முதல் தலைமுறை பெரும்பாலும் உணவக அடுக்களையில் நின்று உழைத்தது. பிள்ளைகள் டொக்டர், எஞ்சினியர் ஆக வேண்டும் என்ற ஆசை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மகள் ஜிம்னாசியத்துக்கு எடுபடவில்லை. வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் அவளைத் தொழில் ஆலோசனை நிலையத்துக்குக் கூட்டிப் போனது. பிறகு ஷ்னூப்பர்ன். ஒரு வேலையிடத்தில் சில நாட்கள் நின்று, அந்த வேலை எப்படி என்று கண்ணால் பார்க்கிறது. மருந்தகம், வங்கி, முதியோர் இல்லம் என்று அவள் போனாள். வங்கி அவளுக்குப் பிடிக்கவில்லை. முதியோர் இல்லத்திலிருந்து வந்த அன்று சாப்பாட்டு மேசையில் வாய் ஓயாமல் கதைத்தாள். பதினான்கு வயதில் தனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று தானே நின்று பார்த்துத் தெரிந்துகொள்ள வாய்ப்புக் கொடுக்கிறார்களே, அதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன்.

இடம் கிடைப்பது லேசில்லை. எங்கள் பெயரைப் பார்த்துவிட்டுப் பதிலே போடாத இடங்கள் இருந்தன என்று நான் நம்புகிறேன். வகுப்பாசிரியர் விண்ணப்பக் கடிதத்தை வரி வரியாகத் திருத்திக் கொடுத்தார், சில இடங்களுக்குத் தானே தொலைபேசியும் எடுத்தார். கடைசியில் சுகாதாரப் பராமரிப்பு லேர (வேலையிடத்தில் பெறும் தொழிற்பயிற்சி) கிடைத்தது, மூன்று வருடம். கிழமையில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாட்கள் வேலை, மாதச் சம்பளம். சுவிஸில் மூன்றில் இரண்டு பங்கு இளையோர் தொழிற்பயிற்சி வழியாகத்தான் போகிறார்கள், அதனால் அது இரண்டாந்தரப் பாதை இல்லை. லேரயோடு பெருஃப்ஸ்மட்டுரா என்ற மேல்படிப்புத் தகுதிச் சான்றிதழும் எடுத்தால் உயர்தொழில் பல்கலைக்கழகம் திறந்திருக்கிறது. மகள் இப்போது தாதியியல் பட்டப்படிப்பில் இருக்கிறாள். இடம் கிடைக்காத பிள்ளைகளுக்குப் பத்தாம் வருடம் என்று ஓர் இடைக்கால வகுப்பும் உண்டு, தெருவில் விடுவதில்லை.

ஒஸ்லோ, நோர்வே

எங்கள் பிரச்சினை படிப்பு இல்லை. ஐந்தாம் வகுப்பில் மகனை யாரும் விளையாடச் சேர்ப்பதில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை, வெறுமனே இல்லாதவன் மாதிரி நடத்தினார்கள். இதை எப்படி முறையிடுவது என்று தெரியாமல் இருந்தோம்.

நோர்வேச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பள்ளியில் தான் பாதுகாப்பாக உணரவில்லை என்று பிள்ளை சொன்னால் அதுவே போதும், சாட்சி தேவையில்லை. 2017இல் கல்விச் சட்டத்தில் வந்த விதி இது, 2024இன் புதிய சட்டத்திலும் தொடர்கிறது. பள்ளி விசாரிக்க வேண்டும், என்ன செய்யப்போகிறோம், யார் செய்வார், எப்போது செய்வார் என்று எழுத்தில் திட்டம் தர வேண்டும். எங்கள் பள்ளி முதலில் தட்டிக்கழிக்கத்தான் பார்த்தது. பிள்ளைகள் அப்படித்தான், சரியாகிவிடும் என்றார்கள். தலைமையாசிரியரிடம் சொல்லி ஒரு வாரத்துக்குப் பிறகும் நடவடிக்கை போதவில்லை என்றால் மாவட்ட ஆளுநர் அலுவலகத்துக்கு நேரே முறையிடலாம். அதை நான் எழுத்தில் குறிப்பிட்டதும் திட்டம் வந்தது. இடைவேளையில் ஒரு பெரியவர் அருகில் இருந்தார், இருக்கைகளை மாற்றினார்கள், இரண்டு பேர் இரண்டு பேராகச் செய்யும் வேலைகளை ஆசிரியை வேண்டுமென்றே கூட்டினார். சில வாரம் கழித்து மகனையே கூப்பிட்டு, இது உதவுகிறதா என்று கேட்டார்கள். உதவாததை நீக்கினார்கள். அவனைக் கேட்டு முடிவெடுத்ததுதான் அவனை நிமிர வைத்தது என்பது என் எண்ணம்.

ஏழாம் வகுப்பு வரை மதிப்பெண் கிடையாது, அது இன்னொரு நிம்மதி.

பலெர்மோ, இத்தாலி

என் தம்பி மகனுக்கு ஆட்டிசம். இத்தாலியில் எல்லாமே குழப்பம் என்று எங்கள் ஆட்களே சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் இத்தாலி எல்லோருக்கும் முன்னால் நடந்திருக்கிறது. 1977இல் 517ஆம் எண் சட்டம் வந்தபோதே தனி வகுப்புகளை ஒழித்துவிட்டார்கள். மாற்றுத்திறன் பிள்ளைகள் ஊர்ப் பிள்ளைகளோடு அதே வகுப்பில் உட்காருவார்கள். கூடவே ஒரு துணை ஆசிரியர். அவர் அந்தப் பிள்ளைக்கு மட்டும் காவல் நிற்பவர் இல்லை, சட்டப்படி முழு வகுப்புக்கும் ஆசிரியர். வருடந்தோறும் பெற்றோர், ஆசிரியர், மருத்துவர் சேர்ந்து தனித் திட்டம் எழுதுகிறார்கள்.

வேதனை ஒன்று உண்டு. துணை ஆசிரியர்கள் பலர் நிரந்தரம் இல்லாததால் செப்டம்பரில் புது முகம் வரும். புது முகத்துக்குப் பழக அவனுக்கு மாதக்கணக்கு ஆகும். ஆனால் அவன் வகுப்புப் பிள்ளைகள் மாறவில்லை. அவன் காதைப் பொத்தினால் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று ஏழு வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியும். யாரும் பாடம் நடத்தி வந்தது இல்லை, கூடவே வளர்ந்ததால் வந்தது.

லா கூர்நெவ், பிரான்ஸ்

சுருக்கமாக எழுதுகிறேன். வசதி குறைந்த பகுதிப் பள்ளிகளில் முதல் வகுப்பை 2017 முதல் இரண்டாகப் பிரித்து, ஏறக்குறைய 12 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று ஆக்கினார்கள். மூத்தவன் பெரிய வகுப்பில் படித்தவன், இளையவள் இந்தச் சின்ன வகுப்பில். வீட்டில் பிரெஞ்சு பேச ஆளில்லாத பிள்ளைக்கு ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கக் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இருவரையும் வளர்த்த எனக்குத் தெரியும்.

தாலின், எஸ்தோனியா

2022 பீசாவில் கணக்கில் 510 எடுத்து ஐரோப்பாவிலேயே முன்னால் நின்ற நாடு இது. ஒன்பது வருடம் எல்லோரும் ஒரே அடிப்படைப் பள்ளி, பதினாறு வயதுக்கு முன் யாரையும் பாதை பிரிப்பதில்லை. பவேரியா பற்றிப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது.

ஐந்தோவன், நெதர்லாந்து

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எஸ்போவுக்கும் மியூனிக்குக்கும் ஒரு கேள்வி. மகனின் டிஸ்லெக்ஸியா சான்றிதழ் டச்சில் இருக்கிறது. அது அங்கே செல்லுமா?

எஸ்போ, பின்லாந்து

உதவி தொடங்குவதற்கு மருத்துவச் சான்றிதழே தேவையில்லை அக்கா. உதவி தேவை என்று ஆசிரியர் கருதினால் போதும். ஆனாலும் எடுத்து வாருங்கள். அதைவிட, கூடுதல் வாசிப்பில் என்ன முறை பயன்படுத்தினார்கள், எது பலித்தது என்று அந்த ஈபேயரிடம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். ஆயத்த வகுப்பு ஆசிரியர் முதல் வாரமே கேட்பார்.

மியூனிக், ஜெர்மனி

இங்கே சான்றிதழ் தேவை. பள்ளி உளவியலாளர் தன் கருத்தை எழுதிக் கொடுத்தால்தான் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும், எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறையாமல் இருக்கும். முதலாவது சலுகை மதிப்பெண் சான்றிதழில் பதிவாகாது, இரண்டாவது பதிவாகும். அதனால் நான்காம் வகுப்புக்கு முன்பே உளவியலாளரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். காத்திருப்பு நீளமாக இருக்கும்.