ஜிம்னி பின் ஆக்ஸில் வெளிய வரமாட்டேங்குது

கேள்வி: பர்மாவுல மோல்மேன் பக்கம் மழைக்காலம் பூரா சேத்துல ஓடுன பழைய சுசுகி ஜிம்னி, பின் வலது பேரிங் சத்தம் போடுது, பிரேக் டிரம் கழட்டியாச்சு, அதுக்குப் பின்னாடி பிரேக்கைத் தாங்குற தட்டு, அதான் பேக்பிளேட், அதோட 4 நட்டும் எடுத்தாச்சு, ஆக்ஸில் ஷாஃப்ட் இம்மி அசையல. என்ன செய்யலாம்ணே?

பதில்: தம்பி, பிரேக் பைப்பு, ஹேண்ட்பிரேக் கேபிள் ரெண்டையும் கழட்டி விட்டியா? ஷாஃப்ட் வரும்போது பேக்பிளேட்டும் கூடவேதான் வரும். பேரிங் வெளிவட்டம் ஹவுசிங்ல துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும், துரு ஆயில் அடிச்சு ராத்திரி பூரா ஊறவிடு, காலைல ஸ்லைட் ஹேமர் (கம்பில ஓடுற எடையை வெடுக்குனு இழுத்து அடிச்சு வெளிய எடுக்குற கருவி) போடு.

கேள்வி: அது இங்க யார்கிட்டயும் இல்லண்ணே.

பதில்: டிரம்மை உள்பக்கம் வெளிய தெரியிற மாதிரி திருப்பிப் போட்டு, வீல் நட்டை நுனியில மட்டும் மாட்டி, ரெண்டு கையால வெடுக்கு வெடுக்குனு வெளிய இழு, அதுவே ஹேமர்தான். அந்தப் பக்கத்தை ஜாக்கில நல்லா தூக்கிக்க, இல்லன்னா கியர் ஆயில் கொட்டும்.

பதில்: சில அமெரிக்க ஜீப்புல டிஃபரன்ஷியலுக்குள்ள ஷாஃப்டைப் பிடிச்சு வைக்கிற சி வடிவ கிளிப் இருக்கும், அத எடுக்காம யானை கட்டி இழுத்தாலும் வராது, ஜிம்னில அந்தத் தொல்லை இல்ல. பேரிங்கை ஷாஃப்ட்ல பிடிச்சு வைக்கிற பழைய ரிடெய்னர் ரிங்கை மட்டும் திரும்ப போட்ராத, ஆயில் சீலும் புதுசு போடு, பிரேக்ல காத்து எடுக்க மறந்துராத.