காப்புரிமைக்கு முந்தைய அந்தத் தேடலுக்கு என்ன பெயர்? (அவசரம்)

நண்பர்களே, வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பட்டறைக்காரர்களுக்கான காப்புரிமை (பேட்டன்ட்) கையேடு. விண்ணப்பிக்கும் முன்பு, இதே பொருளை வேறு யாராவது ஏற்கெனவே செய்திருக்கிறார்களா என்று துழாவிப் பார்ப்பார்களே, பிரையர் ஆர்ட் சர்ச், அதற்கு ஒரு சொல் வேண்டும். 'முன்கலைத் தேடல்' என்று போட்டு வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "போன வருஷ ஆண்டுவிழாவா சார்?" என்றான் ஒரு பையன்.

—

பையன் சிரித்தால் சிரிக்கட்டும். கலைச்சொல் என்கிறோமே, அதில் உள்ள கலை என்ன பரதநாட்டியமா? ஆனாலும் எனக்கு வேறு சொல் இருக்கிறது. தொல்காப்பியப் பாயிரத்தில் பனம்பாரனார் 'முந்துநூல் கண்டு முறைப்பட எண்ணி' என்கிறார். தொல்காப்பியர் செய்ததே இந்தத் தேடல்தான் ஐயா! 'முந்துநூல் காண்டல்' என்று வையுங்கள். நன்னூலோ மரத்தின் கோணல் தீர்க்க தச்சர் பிடிக்கும் நூற்கயிற்றோடு புத்தகத்தை ஒப்பிடுகிறது, பட்டறைக்காரருக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? (நூல் என்ற சொல்லின் வேர் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.)

—

தனி மடலே போதும் ஐயா :) ஏட்டில் இருப்பது மட்டுமா கணக்கு? கடையில் விற்றிருந்தாலும், கண்காட்சியில் வைத்துக் காட்டியிருந்தாலும் பெரும்பாலும் புதுமை போச்சு. நூல் என்றால் படிக்கிறவர் நூலகத்தோடு நின்றுவிடுவார்.

—

மஞ்சள் வழக்கை மறந்துவிட்டீர்களா? புண்ணாற்ற மஞ்சள்தூள் என்று மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995-ல் அமெரிக்காவில் வாங்கிய காப்புரிமை 1997-ல் ரத்தானது எதனால்? நம் பாட்டிமார் தடவியதாலா? பழைய சமஸ்கிருத நூலும், 1953-ல் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையும் காட்டியதால். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் வெளிநாட்டுப் புழக்கம் செல்லாது, எழுத்தில் இருக்க வேண்டும். ஆக, நூல்.

—

அந்த விதி 2013-லேயே மாறிவிட்டது, இப்போது எந்த நாட்டுப் புழக்கமும் செல்லும். சரி, 'முன்தேட்டம்'? சின்னதாக இருக்கிறதே.

—

ஐயோ அண்ணா, வேண்டாம். எங்கட யாழ்ப்பாணப் பக்கம் தேட்டம் எண்டால் சொத்து. தேசவழமைச் சட்டத்தில 'தேடிய தேட்டம்' எண்டு கலியாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்தைத்தான் சொல்லுறது. வாசிக்கிற ஆள் மனுசிக்கும் பங்கு குடுக்க வேணுமோ எண்டு யோசிக்கப் போகுது. பேட்டன்டை நாங்கள் 'ஆக்கவுரிமை' எண்டுதான் எழுதுறம். அப்ப 'முன்னாக்கம்' பொருந்தாதோ?

—

பொருந்தும். 'முந்தாக்கம்' என்று மட்டும் யாரும் கிளம்ப வேண்டாம், முந்தானை ஞாபகம் வருகிறது.

—

நன்றி. மூன்று பேர் முன்னாக்கத்துக்குச் சரி என்கிறார்கள், மற்றவர்கள் தூங்கிவிட்டீர்கள் போல. 'முன்னாக்க தேடல்' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும், 'இதற்கு முன் யாராவது செய்திருக்கிறார்களா என்று பார்ப்பது' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

—

அந்த ஒரு வரியே புரிகிறது என்றால் சொல் எதற்கு? என் வாக்கு இன்னும் முந்துநூலுக்கே. அப்புறம், அனுப்பும் முன் 'முன்னாக்கத் தேடல்' என்று ஒற்றுப் போடுங்கள்.