புதுப்பிப்பு: கொச்சிக் கப்பலும் டிப்ஸ் கணக்கும்

கொச்சியிலிருந்து சுற்றுலாக் கப்பலில் போனால் டிக்கெட்டுக்கு மேல் டிப்ஸ் தனியா என்று போன மாதம் கேட்டிருந்தேன் அல்லவா? தனிதான். நேற்று பாலக்காடு திரும்பினோம்.

தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தானாகவே அறைக் கணக்கில் ஏறிவிடுகிறது. ஆறு வயது மகளுக்கும் முழுத் தொகை! ஜூஸ் வாங்கினால் அதன் பில்லில் சர்வீஸ் சார்ஜ் வேறு. கடைசி இரவு வந்த பில்லைப் பார்த்து அம்மா, "நான் சாப்பிட்டது தயிர்சாதம், அதுக்குமா டிப்ஸ்?" என்றாள்.

சில கப்பல்களில், இறங்குவதற்கு முன்பே வரவேற்பு மேசையில் கேட்டால் குறைப்பார்கள். எனக்குக் கேட்க மனம் வரவில்லை. அறையைப் பார்த்துக்கொண்ட பையன் தினமும் துண்டை மடித்து யானை செய்து வைத்திருந்தான்.

அப்புறம், இஸ்திரிப் பெட்டி கொண்டு போகாதீர்கள். ஸ்கேனிங்கில் எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் கொடுத்தார்கள்.