ஏப்ரல் தொடக்கத்தில் கோர்சிகா மலைநடை: சமவெளிக்காரர்கள் எப்படித் தயாராவது?

கேள்வி (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

வணக்கம். மர்செய் நகரிலுள்ள அக்கா வீட்டுக்கு ஏப்ரல் முதல் வாரம் செல்கிறேன். அங்கிருந்து இரவுக் கப்பலில் கோர்சிகா தீவுக்குப் போய், அங்குள்ள ஜி.ஆர்.20 என்ற நெடுந்தூர மலைப்பாதையில் ஐந்து நாள்கள் மட்டும் நடந்து திரும்பலாம் என்கிறார் அத்தான். எனக்கு வயது 46. தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் நடக்கும் பழக்கம் உண்டு. ஆனால் நான் அறிந்த ஏற்றமெல்லாம் கோரிமேடுதான். இன்னும் பத்து வாரங்கள் உள்ளன. எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1 (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

முதலில் பாதையை மாற்றுங்கள். ஜி.ஆர்.20 கலென்சானாவிலிருந்து கோன்கா வரை ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீள்வது. அதன் மலைக்குடில்களில் ஆள் இருந்து சோறு போடுவது ஐரோப்பியக் கோடைக்காலத்தில்தான். 2,706 மீட்டர் உயரமுள்ள சிந்தோ சிகரத்தை ஒட்டிய வடபகுதியில் ஏப்ரலிலும் பனி கிடக்கும். பகல் வெயிலில் இளகும் அந்தப் பனி இரவில் இறுகி, விடியும்போது கண்ணாடிபோல் வழுக்கும் என்பதால், பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள் மாட்டிப் பனிக்கோடரியோடு நடந்து பழகியவர்களுக்கே அது உரியது. ஊட்டியில் புல்நுனியில் பார்த்த உறைபனியை மனத்தில் வைத்துக்கொண்டு இதை எடைபோட வேண்டாம்.

மாறாக, போர்த்தோ வெக்கியோவிலிருந்து ப்ரோப்ரியானோ வரை, ஒரு கடலோரத்தில் தொடங்கி மறு கடலோரத்தில் முடியும் 'மாரே ஆ மாரே' தெற்குப் பாதை உங்கள் ஐந்து நாளுக்குச் சரியாக அமையும். ஆரஞ்சு நிறக் கோடுகளைப் பார்த்து நடக்க வேண்டும் (ஜி.ஆர்.20க்கு வெள்ளை, சிவப்பு). லெவி போன்ற ஊர்களின் வழியே போவதால் இரவில் கூரைக்கடியில் தூங்கலாம். விடுதிகள் அப்போதுதான் ஒவ்வொன்றாகத் திறக்கும் பருவம் என்பதால் அத்தானைப் பிரெஞ்சில் தொலைபேசி செய்து உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். பனி உருகி வரும் ஓடைகளில் மாலையில் நீர் ஏறியிருக்கும்; காலையில் கடப்பது நல்லது.

பதில் 2 (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

உடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அதில்தான் நான் ஏமாந்தேன். என் பெரியப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குடும்பத்தோடு ஒரு மார்ச் மாதத்தில் கோர்சிகாவில் 1,218 மீட்டர் உயரத்திலுள்ள பவெல்லா கணவாய்க்கு நடந்தேன். கீழே நல்ல வெயில் அடித்ததால் வழக்கம்போல் உள்ளே பருத்தி பனியன். மேலே போய் நின்றதும் காற்று பிடித்துக்கொண்டது. வியர்வையில் ஊறிய பனியன் முதுகில் ஈரத்துணியாக ஒட்டிக்கொள்ள, பையின் ஜிப்பைத் திறக்கக்கூட விரல் மடங்கவில்லை. தம்பிதான் திறந்து கம்பளிச்சட்டையை எடுத்துக் கொடுத்தான். 1,000 மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அன்றுதான் உறைத்தது.

ஆகவே உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம். நம் பையன்கள் கால்பந்து ஆடப் போட்டுக்கொள்ளும் பாலியஸ்டர் சட்டையே போதும். அதன்மேல் மெல்லிய கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேற்சட்டை. புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போது கதகதப்பாக இருந்தால் அரை மணியில் வியர்த்துவிடும். மாற்றுடைகளை ஜவுளிக்கடைப் பாலிதீன் பையில் கட்டி முதுகுப்பைக்குள் வையுங்கள். பைக்கு மேலே போடும் உறையை நான் நம்புவதில்லை.

பதில் 3 (கடலூர் முதுநகர்)

பயிற்சிக்குச் செஞ்சி போதும். அங்குள்ள ராஜகிரிக் குன்று சுமார் 240 மீட்டர். கோர்சிகாவில் அதை மூன்று முறை ஏறியதற்குச் சமமான நாள்கள் வரும். கடற்கரை நடை மூச்சுக்கு நல்லது, தொடைக்குப் போதாது. முதுகில் தண்ணீர் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு ஏறுங்கள். முழங்கால் நொந்தால் உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கலாம், அரிசி மூட்டையாக இருந்தால் அது முடியாது. ஏற்றம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். தொடையைப் படுத்துவது இறக்கமே. ஆகவே அவசரப்படாமல், சிறு அடி வைத்து இறங்கப் பழகுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அத்தான் தெற்குப் பாதைக்கு ஒப்புக்கொண்டார், முகம் மட்டும் சற்று வாடியது. ஞாயிறன்று செஞ்சி ஏறினேன். இறங்கும்போது கட்டைவிரல் ஷூவின் முனையில் இடித்து நகம் கறுத்துவிட்டது. ஒரு அளவு பெரியதாக வாங்கவா?

பதில் 3 (கடலூர் முதுநகர்)

வாங்குவதற்கு முன் நகத்தை ஒட்ட வெட்டி, இறக்கம் தொடங்கும் இடத்தில் உட்கார்ந்து, குதிகாலைப் பின்னே தள்ளிக் கணுக்காலருகே நாடாவை இறுக்கிக் கட்டிப் பாருங்கள். அப்போதும் இடித்தால் மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், மலையில் போடப்போகும் அதே தடித்த காலுறையோடு கடைக்குப் போங்கள். இந்த மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள். புது ஷூவைக் கப்பலில் ஏற்றக் கூடாது.